வயிறு நிறைந்தும் வளராத குஞ்சுகள்

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே அமைந்த ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிதோறும் இப்பாதையில் அன்னதானம் நடக்கிறது. பொழுது விடிந்ததும் மிஞ்சிய சோறும் பொங்கலும் பாதையோரத்துக் கோழிகளுக்கு விருந்தாகின்றன. மற்ற நாட்களிலும் வீட்டில் மிஞ்சும் சோறு, களைந்த அரிசி நொய், புடைத்த உமி, தவிடு இவைதாம் தீனி. கோழிகளின் தீனிப்பை புடைத்துத்தான் இருக்கிறது. ஆனால் மாசி, பங்குனியில் பொரித்த குஞ்சுகளை வைகாசியில் பார்த்தால் பாதிகூட மிஞ்சுவதில்லை. மிஞ்சியவையும் முதுகில் இறகு மூடாமல், சிறகு தொங்கி, உள்ளங்கையளவிலேயே நிற்கின்றன. "வெயில் காலத்துக் குஞ்சு தேறாது" என்பது இப்பகுதிப் பெண்கள் சொல்லும் வார்த்தை.

வெயில்தான் காரணம் என்றால் நாமக்கல்லில் கோழியே வளரக் கூடாது. அதுவும் வறண்ட பூமிதான். கோடையில் கொளுத்தும் பூமிதான். அங்கே பல லட்சக் கணக்கில் கோழிகள் வளர்ந்து முட்டையிடுவதற்குக் காரணம், ஒவ்வொரு கோழியின் வயிற்றுக்குள்ளும் எத்தனை கிராம் புரதம் போகிறது என்ற கணக்கை அங்குள்ளவர்கள் அன்றாடம் பார்ப்பதே. பத்துக் குஞ்சு வளர்க்கும் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போடலாம். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

சோற்றில் என்ன இருக்கிறது?

குஞ்சின் சதை, இரத்தம், குடல், இறகு எல்லாமே புரதத்தால் ஆனவை. இறகு ஏறக்குறைய முழுவதும் புரதமே. ஆகவேதான் புரதம் குறைந்த குஞ்சில் முதலில் தெரியும் அடையாளம் இறகு சரியாக முளைக்காதது. அடுத்த அடையாளம், குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் கொள்வது. இடநெருக்கடியாலும் கொத்தும் என்றாலும், திறந்த வாசலில் திரியும் குஞ்சுகள் ஒன்றின் முதுகை ஒன்று கொத்தினால் தீனியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கோழித் தீவனத்துக்கு அளவுகள் வகுத்திருக்கிறது. கறிக்கோழிக் குஞ்சுக்கு ஆரம்பத் தீவனத்தில் 22 சதவிகிதம் புரதம் வேண்டும். முட்டையினக் குஞ்சுக்கு எட்டு வாரம் வரை 20 சதவிகிதம், அதன்பின் வளரும் பருவத்தில் 16 சதவிகிதம். நாட்டுக் குஞ்சு மெல்ல வளர்வதால் சற்றுக் குறைத்துக் கொடுத்தாலும் தாங்கும். ஆனால் முதல் எட்டு வாரத்தில் 18க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி வீட்டுத் தீனியைப் பார்ப்போம். மக்காச்சோளத்தில் 9 சதவிகிதம் அளவுக்கே புரதம் உண்டு. சோளத்தில் சுமார் 10, கம்பில் 11 அல்லது 12, அரிசித் தவிட்டில் 12. வெந்த சோற்றில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீரே இருப்பதால் 3 சதவிகிதம்கூட இல்லை. நாலு வாரக் குஞ்சு ஒன்று நாளைக்கு 30 கிராம் நல்ல தீவனம் தின்றால் 6 கிராம் புரதம் கிடைக்கும். அதே 30 கிராம் சோறு தின்றால் 1 கிராம்கூடக் கிடைப்பதில்லை. தீனிப்பை இரண்டிலும் ஒரே அளவில்தான் புடைத்திருக்கும்!

மழைக்காலத்தில் இந்தக் குறை தெரிவதில்லை. புழு, ஈசல், வெட்டுக்கிளி, மண்புழு, இளம்புல் என்று கோழி தானே தேடிக்கொள்கிறது. தாய்க்கோழி குப்பையைச் சீய்த்துக் குஞ்சுகளைக் கூப்பிடுவதே இதற்குத்தான். மானாவாரி நிலம் காய்ந்து குப்பைமேடும் உலர்ந்துபோகும் மாசிக்குப் பிறகு, எவ்வளவு சீய்த்தாலும் கிடைப்பது உலர்ந்த விதையும் மண்ணும்தான். இலங்கையில் கிராமத்துக் கோழிகளின் தீனிப்பையைத் திறந்து ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொல்கிறது. அவற்றின் தீனியில் முக்காலுக்கு அருகில் வீட்டு மிச்சமே இருந்தது. பூச்சி புழுவின் பங்கு பத்தில் ஒன்றைத் தொடவில்லை. வறண்ட பூமியின் கோடையில் அந்தச் சிறு பங்கும் இல்லாமல் போகிறது.

நாலு கால் இல்லாத கட்டில்

அப்படியானால் பிண்ணாக்கை அள்ளிக் கொட்டினால் போதுமா? போதாது. கோடையில் அதுவே கெடுதலாகவும் முடியும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். எந்தத் தீனி தின்றாலும் செரிக்கும்போது உடலுக்குள் சூடு எழுகிறது. மாவுச் சத்தையும் கொழுப்பையும் விடப் புரதத்தைச் செரிக்கும்போதுதான் அதிகச் சூடு. இதனால் சித்திரை வெயிலில் கோழி தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்கிறது. 30 கிராம் தின்ன வேண்டிய குஞ்சு 24 கிராமோடு நிறுத்திக்கொண்டால், 20 சதவிகிதத் தீவனத்திலும் கிடைக்கும் புரதம் 5 கிராமுக்குக் கீழே போய்விடும்.

குறைவாகத் தின்கிறதே என்று புரதத்தை 26, 28 என்று ஏற்றினால் என்ன ஆகும்? புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. ஏறக்குறைய 20 வகை அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அவற்றில் லைசின், மெதியோனின் என்ற இரண்டும் கோழிக்கு எளிதில் பற்றாமல் போகும். கட்டில் செய்யும் தச்சரிடம் மூன்று கால்களுக்கு மட்டும் நல்ல மரம் இருந்து, நாலாவது காலுக்கு மரம் இல்லையென்றால் கட்டில் நிற்காது. மிஞ்சிய மூன்று கால்களும் அடுப்புக்குத்தான் போகும். கோழியின் உடம்பிலும் இதுவே நடக்கிறது. லைசினோ மெதியோனினோ குறைந்தால் மற்ற அமிலங்கள் சதையாக மாறாமல் விறகாக எரிகின்றன. ஏற்கெனவே வெயிலில் இரைக்கும் குஞ்சுக்குள் இன்னொரு அடுப்பு மூட்டியது போலாகும். எரிந்த கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு வேலை கூடுகிறது. தண்ணீர்ச் செலவும் கூடுகிறது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா நெடி கூண்டில் கண்ணைக் கரிக்கும்.

ஆகவே வறண்ட பகுதிக் கோடையில் புரதத்தின் அளவைக் கண்டபடி ஏற்றுவதைவிட, நாலு காலும் பொருந்திய புரதமாகக் கொடுப்பதே வளர்ச்சிக்கு வழி. பெரிய பண்ணைகளில் லைசினையும் மெதியோனினையும் தனியே வாங்கி எடைபோட்டுக் கலக்கிறார்கள். சிறு விவசாயி, ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும்படி பொருள்களைச் சேர்த்தே இந்தப் பயனைப் பெரும்பாலும் அடையலாம்.

மணிலாவும் எள்ளும் மீனும்

திருவண்ணாமலை மாவட்டம் மணிலாக்கொட்டை பூமி. கடலைப் பிண்ணாக்கு இங்கே கைக்கெட்டும் பொருள். அதில் புரதம் 40 சதவிகிதத்துக்கு மேல் உண்டு. செக்கில் ஆட்டியதில் எண்ணெய் அதிகம் தங்குவதால் புரதம் சற்றுக் குறையும். ஆனால் கடலையில் லைசினும் குறைவு, மெதியோனினும் குறைவு. கடலைப் பிண்ணாக்கை மட்டும் நம்பினால் இரண்டு கால் குறைந்த கட்டில்தான்.

எள்ளுப் பிண்ணாக்கில் சுமார் 35 சதவிகிதம் புரதம். இதில் மெதியோனின் தாராளம், லைசின் குறைவு. சோயாப் பிண்ணாக்கில் லைசின் நன்றாக உண்டு, மெதியோனின் போதாது. மீனில் இரண்டுமே உண்டு. ஆகவே கடலையை அடிப்படையாக வைத்து, எள்ளைச் சிறிதும் மீன்தூளைச் சிறிதும் சேர்த்தால் குறை பெருமளவு நீங்கும்.

எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுகளுக்குப் பத்துக் கிலோ கலவை இவ்வாறு தயாரிக்கலாம்: உடைத்த கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் 5 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் பிண்ணாக்கு 1 கிலோ 800 கிராம், எள்ளுப் பிண்ணாக்கு அரைக் கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 900 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம். இதில் புரதம் ஏறக்குறைய 20 சதவிகிதம் வரும். எட்டு வாரத்துக்குப் பின் தானியம் 6 கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 1 கிலோ, எள்ளுப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் 400 கிராம் வீதம், தாது உப்பு 200 கிராம் என்று மாற்றிக்கொண்டால் 16 சதவிகிதத்தை ஒட்டி நிற்கும்.

இவ்வளவும் வாங்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். நாட்டுக் குஞ்சு முதல் நாலு வாரத்தில் மொத்தம் தின்பது அரைக் கிலோ அளவே. பன்னிரண்டு குஞ்சுகளுக்குப் பத்துக் கிலோ கலவை ஐந்து வாரத்துக்குக் காணும். அந்த ஐந்து வாரத்தைத் தாண்டினால் குஞ்சு தன் காலில் நிற்கும். பணம் குறைவாக இருந்தால் தாய்க்கோழியின் தீனியில் மிச்சம் பிடிக்கலாம், குஞ்சின் தீனியில் கூடாது.

கலவையை வாசலில் கொட்டினால் பெரிய கோழிகளும் காக்கைகளும் தின்று தீர்த்துவிடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பஞ்சாரத்தின் விளிம்பை மூன்று செங்கல்மேல் தூக்கிவைத்து, தீனித் தட்டை நடுவில் வைக்க வேண்டும். இடுக்கில் குஞ்சுகள் நுழையும். பெரிய கோழி நுழையாது.

கருவாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சந்தையில் விற்கும் உப்புக் கருவாட்டை அப்படியே இடித்துப் போடக் கூடாது. தீவனத்தில் மொத்த உப்பு அரை சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. அதிக உப்பு குஞ்சுகளைக் கொன்றுவிடும். உப்பிடாமல் காய்ந்த சிறு மீனாகக் கேட்டு வாங்க வேண்டும். தூளாக வாங்கினால் மணல் கலந்திருக்கலாம். ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்தால் மணல் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். புரதம் அதிகம் உள்ளதாகக் காட்ட யூரியா கலக்கும் மோசடியும் உண்டு. மாடு சிறிதளவு யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். கோழிக்கு அது துளியும் உதவாது.

பூசணம் பிடித்த பிண்ணாக்கு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததும், அந்தப் பூசணம் ஒரு கொடிய நஞ்சைச் சுரந்திருந்ததும் தெரியவந்தது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

கடலை பூமியில் கோழி வளர்ப்போர் இதை மறக்கக் கூடாது. ஆடிப்பட்டத்தில் விதைத்த மணிலா, காய் முற்றும்போது வறட்சியில் சிக்கினால் நிலத்திலேயே இப்பூசணம் பற்றும். ஐப்பசியில் பிடுங்கிப் போட்டபின் மழையில் நனைந்தாலும் பற்றும். பூசணம் பிடித்த கடலையை எண்ணெய்க்கு ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குகிறது. செக்கில் ஆட்டும்போது தண்ணீர் தெளிப்பதால் அந்தப் பிண்ணாக்கில் ஈரமும் சற்று அதிகம். நன்றாக உலர்த்தாமல் மூட்டை கட்டினால் வீட்டிலேயே பூசணம் பிடிக்கும்.

இந்த நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுக்கிறது. சிறு அளவில் இருந்தால் குஞ்சு உடனே சாவதில்லை. தின்கிறது, ஆனால் வளர்வதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றுவதால் போட்ட தடுப்பு மருந்தும் சரியாகப் பிடிப்பதில்லை. 'பிண்ணாக்குப் போட்டும் தேறவில்லையே' என்னும் குறையில் ஒரு பகுதி இதனால்தான் வருகிறது.

வாங்கும்போது பிண்ணாக்கை உடைத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளியிருந்தாலும், முக்கல் வாடை அடித்தாலும் விட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஈரம்தான் போகும்; ஏற்கெனவே சுரந்த நஞ்சு அப்படியே இருக்கும். சமைத்தாலும் போகாது. மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்கிச் சேர்க்காமல், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கித் தரையில் படாமல் பலகைமேல் வைப்பது நல்லது.

செலவில்லாப் புரதம்

பாட்டிமார் செய்துவந்த கரையான் பானை முறையைக் கால்நடைத் துறையினரும் இப்போது எடுத்துச் சொல்கிறார்கள். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச் சாக்கு, தென்னை மட்டைத் தூள், வைக்கோல் இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாலையில் கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் பானையைக் கவிழ்த்துவைத்தால், மறுநாள் காலையில் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுமுன் குஞ்சுகளின் நடுவே உதறிவிட்டால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். உலர்ந்த எடையில் கரையானில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். செம்மண் காட்டில், அதுவும் வறண்ட காலத்தில், ஈரம் கண்ட இடத்துக்குக் கரையான் வந்துசேரும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் பானை வைக்கக் கூடாது. கரையானுக்கு மருந்து தெளித்த நிலத்தில் பிடித்ததைக் குஞ்சுக்குக் கொடுக்கவே கூடாது.

அசோலாவைப் பற்றிப் பேச்சு அதிகம். உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவிகிதம் புரதம் இருப்பது உண்மை. ஆனால் பச்சையாக அள்ளிப் போடும்போது நூற்றில் 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். 100 கிராம் பச்சை அசோலாவில் 2 கிராம் புரதம்கூடத் தேறாது. கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் நிழலில் தொட்டி கட்டி வளர்க்கலாம்; பசுந்தீவனமாக நல்லதே. குடிக்கவே குடம் சுமக்கும் இடத்தில் அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. வேலியோரத்து முருங்கை அதைவிடப் பயன்தரும். கீரையை நிழலில் உலர்த்தித் தூளாக்கினால் அதில் 25 சதவிகிதத்தை ஒட்டிப் புரதம் உண்டு. தீவனத்தில் நூற்றுக்கு 5 பங்கு வரை கலக்கலாம்.

நேரம் பார்த்துத் தீனி

வெயில் நாளில் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். காலையில் தின்ற தீனியின் செரிமானச் சூடும் நடுப்பகல் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் கோழி சுருண்டு விழுகிறது. விடியற்காலை 5 மணிக்கே தீனி வைத்து, 9 மணிக்குத் தட்டை எடுத்துவிட வேண்டும். மாலை 4 மணிக்குப் பிறகு மீண்டும் வைத்து, அடையும் வரை விடலாம். காலையில் கலவையைத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுத்தால் கூடுதலாகத் தின்னும். மிஞ்சிய ஈரத் தீனியை அன்றே கொட்டிவிட வேண்டும். புளித்ததும் பூசணம் வரும்.

தண்ணீர் இல்லாமல் புரதம் வேலை செய்யாது. சாதாரண நாளில் தின்ற தீனியைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, கடுங்கோடையில் நாலு மடங்குவரை குடிக்கிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தை வெயிலில் வைத்தால் பத்து மணிக்கே தண்ணீர் சுடும், கோழி தொடாது. மண் தட்டை வேம்பு, புங்கன் நிழலில் பாதி புதைத்துவைத்து, நாளைக்கு மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். குஞ்சுகள் விழுந்து சாகாதிருக்கத் தட்டில் நாலு கூழாங்கல் போட்டுவைக்கலாம்.

கோழிக் கழிச்சல் வந்தால் இத்தனை பாடும் வீண். ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் நிரம்பிய கோழிகளை அதில் காட்டலாம். அதற்கு முந்திய குஞ்சுகளுக்கு, முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து விட அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நந்தனம் கோழி, வனராஜா போன்ற மேம்பட்ட இனங்களை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை நாட்டுக் கோழியைவிட வேகமாக வளரும் இனங்கள். அந்த வேகத்துக்கு ஏற்பப் புரதமும் கூடுதலாக வேண்டும். சோற்றையும் நொய்யையும் போட்டுவிட்டு இனம் சரியில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. அந்தத் தீனியில் நாட்டுக் குஞ்சாவது ஓரளவு சமாளிக்கும், இவை சமாளிக்காது.

குஞ்சு தேறுகிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்ய வேண்டாம். வாரம் ஒரே கிழமையில், காலையில் தீனிக்கு முன், இரண்டு மூன்று குஞ்சுகளைக் காலில் நூல் கட்டி அடையாளம் வைத்துக் கடைத் தராசில் நிறுத்துக் குறித்துவர வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாமல் நின்றால், முதலில் பிண்ணாக்கை உடைத்துப் பார்க்கலாம். அதன்பின் தண்ணீர்த் தட்டின் இடத்தைப் பார்க்கலாம். இரண்டும் சரியாயிருந்தால் எச்சத்தை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய்க் குடற்புழுவோ இரத்தக் கழிச்சலோ உண்டா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆடியில் முதல் மழை பெய்து ஈசல் கிளம்பியதும் கருவாட்டுத் தூளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.